ஏணிக்காக

மிச்சிகனின் வடக்கில் ஏப்ரல் என்பது
குளிர்காலம் கட்டாமல் வைத்த பாக்கி.
ஹார்யுவின் படகுக் கடை வெளியில்
ஒரு மூலையில் இன்னும் பனி, கரி படிந்து, கரைய மனமில்லாமல்.
டிரெய்லர்களின் மேல் இரண்டு பாண்டூன்கள்.
ஒன்றில் நீலக் கோடு. ஒன்றில் அரக்கு.
இரண்டும் பதினாறடி.
விலையில் முன்னூறு டாலர் வித்தியாசம்,
அதையும் பேசினால் குறைப்பாராம்.

வென்டெல் அளவு நாடாவை எடுத்தான்.
மோதிரம் வாங்கப் போகும் முன்
நான் தூங்கும்போது விரலில் நூல் சுற்றிப் பார்த்தவன்.
மிதவைக் குழாயின் குறுக்களவு, பற்றவைப்பின் தழும்பு,
தரைப் பலகையின் கனம், கதவின் அகலம்,
மோட்டார் குதிரைத் திறன்
எல்லாம் நோட்டில் ஏறின, இரண்டு பத்தியாக.
பத்திகள் இரண்டும்
இரட்டைப் பிள்ளைகள்போல் ஒன்றையொன்று பார்த்து விழித்தன.

"நீலத்துக்குக் கூரை அரையடி நீளம், லோர்னா.
அரக்குக்கு நல்ல ஏணி."
"சரி."
"சரின்னா எது?"

டெஸ்ஸாவுக்குப் பதினாலு வயது.
காதில் மாட்டியதைக் கழற்றாமலே
இரண்டும் அசிங்கம் என்றாள்.
ஆர்னோ கப் வைக்கும் குழிகளை எண்ணினான்:
நீலத்தில் பதினொன்று, அரக்கில் ஒன்பது.
அவனுக்கு அத்தோடு கேள்வி முடிந்துவிட்டது.

நான் எதையும் அளக்கவில்லை. ஏறி உட்கார்ந்தேன்.

நீலத்தில், ஓட்டுகிறவனுக்குப் பக்கத்து இருக்கை
முன்னால் பார்த்திருந்தது, காரில்போல.
எங்கள் சண்டையெல்லாம் காரில்தான்.
இருவரும் கண்ணாடியிடம் பேசுவோம்.
நடுவில் வைப்பர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்வரும்,
யாருக்கும் பரியாமல்.

அரக்கில் அந்த இருக்கை திரும்பியிருந்தது.
போகிற திசைக்கு முதுகு.
ஓட்டுகிறவன் முகத்துக்கு முகம்.
அதில் உட்கார்ந்தால் எதிரே ஏரி தெரியாது.
அலை வருகிறதா, பாறை வருகிறதா என்பதை
அவன் புருவத்தில்தான் படிக்க வேண்டும்.

கீழே அவன் டயரை உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.
நான் ஆளில்லாத ஸ்டியரிங்கைப் பார்த்தபடி இருந்தேன்,
ஒரு படகைச் சோதிக்கத் தேவையானதைவிட
கொஞ்சம் அதிக நேரம்.

"அரக்கு," என்றேன்.
"ஏணிக்காகவா?"
"ஏணிக்காக."
நோட்டில் ஏணிக்கு அடியில் இரண்டு கோடு போட்டான்.
அவ்வளவு சந்தோஷமாக அவனைப் பார்த்து நாளாகிவிட்டது.

ஜூலை. பெல்லோஸ் ஏரி.
ரொட்டி, ஊறுகாய் வெள்ளரி, நாலு மிதவைச் சட்டை,
டெஸ்ஸாவின் முகச்சுளிப்பு, எல்லாம் ஏற்றியாயிற்று.
கயிறை அவிழ்த்துவிட்டு நான் திரும்புவதற்குள்
அந்த இருக்கையில் பிக்கிள் ஏறிப் படுத்துவிட்டது.
பன்னிரண்டு வயது நாய். இடுப்பு வலி.
அதை யார் எழுப்புவது?
நாள் முழுக்க வென்டெலின் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தது,
நாக்கைத் தொங்கப்போட்டு,
நான் முன்பதிவு செய்திருந்த அந்தப் பார்வையை.
அவனும் அவ்வப்போது அதனிடம் ஏதோ சொன்னான்.
மோட்டார் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை.

மத்தியானம் நாணல் ஓரமாக நீலக் கோடு வந்தது.
அதேதான். ஹார்யுவின் ஸ்டிக்கர்கூட உரியவில்லை.
தொப்பி போட்ட ஒருவன் ஓட்டினான், பக்கத்தில் ஒரு பெண்,
இருவரும் முன்னால் பார்த்தபடி.
அவன் ஏதோ சொன்னான்.
அவள் தலையைத் திருப்பி
அவன் தோளில் ஓர் அடி வைத்துச் சிரித்தாள்.

ஓ.
தலையைத் திருப்பினால் போதுமாயிருந்திருக்கிறது.

கையசைத்தார்கள். அசைத்தோம்.
அவர்கள் எழுப்பிய அலை நம்மை மெல்லத் தூக்கி இறக்கியது.
"கூரை நீளம்தான் பார்," என்றான் வென்டெல்,
கண்ணாலேயே அளந்துகொண்டு.
"பதினொரு குழி," என்றான் ஆர்னோ, யாரையும் மன்னிக்காமல்.

நான் எழுந்து போய்
நாயின் பின்னங்கால்களை மெதுவாக என் மடிக்கு நகர்த்தி
மிச்சமிருந்த அரை இருக்கையில் உட்கார்ந்தேன்.
"ஏணி எப்படி?" என்று கேட்டான்.
இன்னும் ஒருவரும் அதில் இறங்கவில்லை.
தண்ணீர் அவ்வளவு குளிர்.